சலோமி தைத்த பதினோரு புத்தகங்கள்

பங்குனி வெயில் தகரக் கூரைகளைப் படபடவென்று வெடிக்கவைத்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சலோமி தன் கையால் தைத்துக் கட்டிய புத்தகங்கள் வியர்க்கத் தொடங்கின. வெள்ளிக்கிழமைக்குள் அவற்றுக்கு முடி முளைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தபோது, டீக்கடைப் பலகைமேல் கிடந்த புத்தகத்தின் அட்டையில் முடி சுழித்துக்கொண்டு நிற்பதை எல்லோரும் பார்த்தார்கள், பார்த்துவிட்டு டீக்குச் சொன்னார்கள்.

காரணம் யாரும் கேட்கவில்லை. பாலாற்றங்கரையில் தோல் பதனிட்டும் ஷூ தைத்தும் பிழைக்கிற ஊர் அது. பொழுது விடிந்தால் சுண்ணாம்பும் கொழுப்பும் அழுகலும் கலந்த ஒரு வாடை, வீட்டு மனிதரைப் போல ஒவ்வொரு வாசலிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெண் பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்தினால் சம்பந்தமே வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆட்டை அறுத்தாலும், உப்புப் போட்டாலும், சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரைச் சுரண்டினாலும் தோல் முழுசாகச் செத்துவிடுவதில்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆகையால் முடி முளைத்ததில் ஊருக்கு ஆச்சரியம் இல்லை. சலோமி எழுதுவாள் என்பதுதான் பலருக்கு ஆச்சரியமாக இருந்தது.

சலோமிக்கு நாற்பத்தாறு வயது. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக ஒரே மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவள். மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்தாயிற்று; வீட்டில் அவளும், ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவன் எபினேசரும்தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவள் கவிதையும் கதையும் எழுதினாள். பத்திரிகைகளுக்கு அனுப்பியவை போன இடம் தெரியாமல் போயின. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு லீவு நாளில், கிழிந்துபோன பாட்டுப்புத்தகம் ஒன்றின் முதுகைப் பிரித்துப் பார்த்து, தாள்களை எட்டெட்டுப் பக்கமாக மடித்து, மடிப்பின் நடுவில் ஊசி இறக்கி, ஒரு மடிப்பை அடுத்த மடிப்போடு நூலால் பிணைக்கிறார்கள் என்று கண்டுகொண்டாள். ஷூ தைக்கிற கைக்கு அது பெரிய வித்தையாகத் தெரியவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் வெட்டி எறிந்த தாள்களைக் கேட்டு வாங்கி, மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சி, கம்பெனியில் கழித்துப்போடும் வெள்ளாட்டுத் தோல் துண்டுகளை ஒட்டுப்போட்டு அட்டையாக்கி, உள்ளே ஒவ்வொரு எழுத்தையும் தாளை மடிக்கும் முன்பே பேனாவால் தானே எழுதி, ஆறு வருஷத்தில் பதினோரு புத்தகங்கள் செய்தாள். ஒன்றைப்போல் இன்னொன்று கிடையாது. ஒவ்வொன்றும் ஒரே பிரதி.

பத்தை ஊருக்குக் கொடுத்தாள். டீக்கடைக்கு ஒன்று, தணிகாசலத்தின் சலூனுக்கு ஒன்று, பெண்கள் பள்ளித் தலைமையாசிரியைக்கு ஒன்று, சபைப் போதகருக்கு ஒன்று, இலக்கிய மன்றத்துக்கு ஒன்று, இப்படிப் பத்து. பதினோராவதைக் கொடுக்க மட்டும் ஏனோ மனம் வராமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். படிக்கிறவர்கள் பிளேடு வைத்து மடிப்பு மடிப்பாகக் கீறித் திறந்துகொள்ளட்டும், அதில் ஒரு சுகம் இருக்கிறதென்று எண்ணி, மடிப்பில் ஒட்டியிருந்த பக்க ஓரங்களை வெட்டாமலே கொடுத்திருந்தாள். யாரும் கீறவில்லை. கீறாத புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "பிரமாதம்மா, அழுதுட்டேன்" என்றார்கள். "அந்தக் கடைசிக் கவித இருக்குதே, அடேயப்பா" என்றார்கள். சலோமி சிரித்துத் தலையாட்டுவாள். வீட்டுக்கு வந்ததும் தொண்டையில் கசப்பாக ஏதோ ஏறி வரும். துளசி இலையை மென்று விழுங்குவாள்.

முடி முளைத்த பிறகு எல்லாம் மாறிவிட்டது.

டீக்கடைக்காரர் முதலில் கோபித்துக்கொண்டார், டம்ளரில் முடி கிடக்கிறதென்று வாடிக்கையாளர்கள் சண்டைபோட்டதால். பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் கோபத்தை விட்டுவிட்டு, புத்தகத்துக்கு ஒரு ஸ்டூலும் ஒரு கைத்துண்டும் ஒதுக்கினார். தணிகாசலம் தன் சலூனில் இருந்ததற்கு அவராகவே தண்ணீர் தெளித்து, சோப்பு நுரை போட்டு, கத்தியைத் தீட்டி, முதல் சவரம் செய்தார். "ரெட்டைச் சுழி, பிடிவாதம் ஜாஸ்தி" என்றார். தலைமையாசிரியை தன்னுடையதைப் பீரோவில் வைத்துப் பூட்டியதில் அதற்கு வேர்க்குரு வந்துவிட, பள்ளிக்கூடப் பெண்கள் முறைவைத்துப் பவுடர் போட்டார்கள். போதகர் வீட்டுப் புத்தகத்தைக் கொசு கடித்துத் தடித்துப்போனது. நகராட்சியிலிருந்து சுகாதார அதிகாரி வந்து, இது கால்நடைக் கணக்கில் வருமா பொருள் கணக்கில் வருமா என்று ஒரு மணி நேரம் யோசித்து, கடைசியில் 'நலமாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். படுக்கையில் மூத்திரம் போகும் பிள்ளைகளுக்கு அந்த முடியில் இரண்டு இழையைக் கறுப்புக் கயிற்றோடு திரித்து இடுப்பில் கட்டினால் நின்றுவிடும் என்று ஒருத்தி சொன்னாள். நல்லெண்ணெயில் காய்ச்சித் தடவினால் வழுக்கை மறையும் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டும் நடக்கவில்லை. ஆனாலும் கட்டினார்கள், தடவினார்கள்; எண்ணெய் வழியும் தலையோடு சலோமியைத் தெருவில் நிறுத்திக் கும்பிட்டார்கள்.

சலோமிக்குக் குமட்டியது. கம்பெனியில் சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறந்தால் சோற்றில் முடி இருக்கும் என்று தோன்றும், இருக்காது, ஆனாலும் சாப்பிட முடியாது. ஒருநாள் மத்தியானம் ஷிப்டு முடிந்து வரும்போது, குழாயடி மரத்து நிழலில் நாலைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் அவளுடைய ஏழாவது புத்தகத்தை மடியில் போட்டுக்கொண்டு, மரச்சீப்பால் வாரிப் பேன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்க நசுக்கச் சொடக்குச் சொடக்கென்று சத்தம் வந்தது. நகமெல்லாம் ரத்தம்.

"வா சலோமி, உன் பிள்ளைக்குத் தலையெல்லாம் ஈரு" என்று ஒருத்தி சிரித்தாள்.

"உள்ள இன்னா எழுதியிருக்குன்னு யாராவது பாத்தீங்களா?"

"உள்ளயும் இருக்குமா பேனு?" என்று அவள் உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டாள்.

அந்த ஏழாவது புத்தகத்தில், இரண்டு மாசத்தில் கலைந்துபோன தன் முதல் கருவுக்குச் சலோமி எழுதிய பதினாலு கவிதைகள் இருந்தன. அவள் வீட்டுக்குப் போய்க் கைகளைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள்.

இலக்கிய மன்றம் அவளுக்குப் பாராட்டு விழா வைத்தது. கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் பட்டுத்துணி விரித்து, பத்துப் புத்தகங்களையும் குளிப்பாட்டி, வகிடெடுத்து, சிலவற்றுக்கு மல்லிகைப்பூகூட வைத்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள். மன்றச் செயலாளர் மாசிலாமணி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எச்சில் தொட்டு எச்சில் தொட்டுத் தன் குறிப்புத் தாளைப் புரட்டுகிறவர், அந்த ஈரவிரலாலேயே முதல் புத்தகத்தின் முடியைக் கோதிக்கொண்டு, "தமிழன்னையின் கார்கூந்தல் இது" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினார். பேச்சின் நடுவே சலோமியின் கவிதை என்று நாலு வரி சொன்னார். மண்டபம் கைதட்டியது. அந்த நாலு வரியை அவள் எழுதவே இல்லை.

ஏற்புரைக்கு எழுந்தவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு மாசிலாமணி பக்கம் திரும்பினாள்.

"ஒரு பக்கமாவது படிச்சீங்களா சார்? மடிப்பே கீறலயே."

மாசிலாமணி பதறிப்போய் எழுந்தார். "என்னம்மா இப்படிக் கேக்கறே? உசிருள்ள ஜீவன். பிளேடு வெச்சுக் கீறினா அதுக்கு வலிக்காதா?"

ஐந்நூறு பேரும் 'ச்சு ச்சு' என்றார்கள். எத்தனை இளகிய மனது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படிக்காமல் இருப்பது அந்த நொடியிலிருந்து அந்த ஊரில் ஒரு கருணைச் செயல் ஆகிவிட்டது; அதன்பிறகு யாரும் அவளிடம் 'பிரமாதம்' என்று பொய்கூடச் சொல்லவில்லை, 'நாங்க அதத் தொந்தரவு பண்றதே இல்ல' என்றுதான் பெருமையோடு சொன்னார்கள். சலோமி போர்த்திய சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, கேசரிக்குக்கூட நிற்காமல் இறங்கி நடந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த நாற்றம் அடித்தது.

தோல் பதனிடும் நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு நாற்றங்களைப் பிரித்தறியத் தெரியும். இது வெளியிலிருந்து வந்தது இல்லை. அரிசி டப்பாவை நகர்த்தினாள். பதினோராவது புத்தகத்துக்கு முடி முளைத்திருக்கவில்லை. தையல் ஓடும் முதுகுப் பக்கத்தில் தோல் சிவந்து, கொப்புளித்து, உடைந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண்ணாகியிருந்தது. ஓரம் கறுத்திருந்தது. நடுவில் மஞ்சளாக நீர் கோத்து, இரண்டு ஈக்கள் உட்கார்ந்திருந்தன. சலோமி சேலைத் தலைப்பால் மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

எபினேசர் வந்து பார்த்தார். "தூக்கிக் கால்வாயில போட்டுடட்டா?" என்றார். அவள் மூக்கிலிருந்து தலைப்பை எடுக்கவில்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவளிடம் கேட்காமலேயே ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்ப் பவுனக்காவை ஏற்றிக்கொண்டு வந்தார்.

பவுனு பெரியாஸ்பத்திரியில் ஆயா. வாரக்கணக்கில் படுத்துக் கிடந்து முதுகு புண்ணாகிப்போனவர்களைப் புரட்டிப்போட்டுக் கழுவிவிட அவளைப்போல் கைப்பக்குவம் யாருக்கும் இல்லை என்று பெயர். எட்டு வருஷத்துக்கு முன்னால், சலோமியின் அம்மா ராகேலம்மா பக்கவாதம் வந்து இந்த வீட்டில் ஏழு மாதம் படுக்கையில் கிடந்தபோதும் அவள் வந்திருக்கிறாள், தினமும், சாகும்வரை. அதற்குப் பிறகு பவுனு எதிரில் வந்தால் சலோமி தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவாள். ஏனென்று பவுனு ஒருநாளும் கேட்டதில்லை.

பவுனு உள்ளே வந்து புத்தகத்தை மடியில் குப்புறப் போட்டுப் பார்த்தாள். மூக்கைப் பொத்தவில்லை. "ஆழமாப் போயிருக்கு. ஒருநாள்ல ஆறாது. சாயந்தரம் சாயந்தரம் வந்து கழுவிட்டுப் போறேன்" என்றாள். வெந்நீர் கேட்டாள், உப்புக் கேட்டாள், பையிலிருந்து பஞ்சும் மருந்தும் எடுத்தாள். சலோமி எல்லாவற்றையும் வாசற்படியிலேயே வைத்துவிட்டு வெளியே நின்றுகொண்டாள்.

மூன்றாம் நாள், கட்டுப் போட்டு முடித்தபிறகு பவுனு எழுந்திருக்கவில்லை. "வெறுமனே கழுவிக் கழுவிப் போறேன். இதுல இன்னாதான் எழுதியிருக்க? படிக்கலாமா?" என்றாள்.

சலோமி சரியென்று தலையை ஆட்டினாள். பவுனு பையைத் துழாவி, கட்டுத்துணி வெட்டுகிற பிளேடை எடுத்து முதல் மடிப்பைக் கீறினாள். புத்தகம் அசையக்கூட இல்லை. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் அவள். விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, உதடு அசைய, முணுமுணுப்பாகப் படித்தாள். ஒரு சாயந்தரத்துக்கு நாலு பக்கம். அதற்கு மேல் கண் நீர் விடும் என்பாள். சலோமி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, தான் எழுதிய சொற்கள் இன்னொருத்தியின் வாயில் தடுக்கி விழுந்து எழுந்து நடப்பதைக் கேட்டாள். அவளுடைய வாழ்நாளில் அப்படி ஒன்று நடந்ததில்லை. நாற்றத்தையும் மீறி ஒரு படி உள்ளே வந்தாள். மறுநாள் இன்னொரு படி.

ஒன்பதாம் நாள் பவுனு 'அம்மாவின் பாதங்கள்' என்ற கதைக்கு வந்தாள். படுக்கையில் கிடக்கும் தாயை மகள் பூப்போலக் கழுவித் துடைத்து, புண்ணில் மருந்திட்டு, விடிய விடியக் காலடியில் உட்கார்ந்திருக்கும் கதை. புத்தகத்திலேயே அழகான கதை அதுதான் என்று சலோமி நினைத்திருந்தாள். பவுனு நாலு பக்கத்தோடு நிறுத்தவில்லை. எட்டுப் பக்கத்தையும் முடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இது ராகேலம்மாதானே?"

"கதைக்கா. கதையில கொஞ்சம் அப்பிடி இப்பிடித்தான் இருக்கும்."

"இருக்கட்டும். ஆனா நீ ஒருநாளும் உள்ள வரலயே சலோமி. நான் உங்க அம்மா முதுகுல புழு எடுத்தன்னிக்கி வாசல்ல வாந்தி எடுத்துக்கினு இருந்த. சத்தம் உள்ள கேட்டுது."

சலோமிக்கு முகம் வெந்தது. "உம் பேரு வரலன்னு கோவமா? எழுதிட்டாப் போவுது. உம் பேரையே போட்டுடறேன்" என்றாள். குரல் அவளுக்கே அசிங்கமாகக் கேட்டது.

"எம் பேர வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" பவுனு கோபப்படவில்லை. புத்தகத்தைப் புண் மேலே இருக்கும்படி தலையணையில் சாய்த்து வைத்தாள். "உனக்குக் கொமட்டுச்சே, அத எதுக்குக் கதையிலேருந்து எடுத்துட்ட? அது உங்க அம்மாவுக்குத் தெரியும். நானே ஒருநாள் கோவத்துல, 'பெத்த பொண்ணு எட்டிப் பாக்க மாட்டேங்குதே, கூப்புடறேன் இரு'ன்னு எழுந்தேன். உங்க அம்மா, வாய் கோணிக்கினு, பேச்சு சரியா வராத அம்மா, எங் கையப் புடிச்சி இழுத்திச்சி. 'வாணாம் பவுனு. அவ சின்னப் புள்ளையிலயே அப்பிடித்தான், பாலு ஏடு பாத்தாலே ஓங்கரிப்பா. கூப்புடாத'ன்னிச்சி. அதச் சொல்றதுக்கு அதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சி தெரியுமா? எச்சியெல்லாம் வழிஞ்சிது. தொடச்சி விட்டேன்."

எபினேசர் வாசலில் ஆட்டோவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் காதிலும் அது விழுந்தது. பவுனு பையை எடுத்துக்கொண்டு, "நாளைக்கி வரேன்" என்று கிளம்பினாள்.

மறுநாள் சலோமி கம்பெனிக்குப் போகவில்லை. விடிந்ததும் தாள் எடுத்து உட்கார்ந்தாள். அம்மாவின் புண்ணுடைய நாற்றத்தை எழுதினாள். அம்மா கூப்பிடுவாளோ என்று பயந்து கம்பெனியில் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டதை எழுதினாள். அம்மா செத்த காலையில் முதலில் வந்தது அழுகை இல்லை, இனி இந்த வாடை இருக்காது என்ற நிம்மதி என்று எழுதினாள். எழுதிவிட்டு, பேனா பிடித்த கையைப் பார்க்கப் பிடிக்காமல் கொஞ்ச நேரம் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். எட்டுப் பக்கம் எழுதவேண்டிய இடத்தில் பதினாறு ஆனது.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "சலோமியக்கா, வேலூர்லேருந்து வந்துகீறோம். கொஞ்சம் முடி கெடைக்குமா?"

"இந்த வீட்டுல புண்ணுதான் கீது" என்றாள். அவர்கள் போய்விட்டார்கள்.

பழைய மடிப்பை எடுத்துவிட்டுப் புதியதைத் தைக்கவேண்டும் என்றால், ஊசி முதுகுத் தோலைத் துளைத்து வெளியே வந்து திரும்ப உள்ளே போகவேண்டும். துளைக்கவேண்டிய இடம் புண்ணின் நடுவில் இருந்தது. சலோமி கட்டை அவிழ்த்தாள். வெறுங்கையால் புத்தகத்தைத் தூக்கி மடியில் குப்புறப் போட்டாள். சுடுகிறது என்று தெரிந்தது, காய்ச்சல்காரரைப் போல. நூலுக்கு மெழுகு தேய்த்தாள். முதல் குத்து குத்தியபோது சுற்றியிருந்த தோல் மொத்தமும் சுருங்கி வெட்டியிழுத்தது. விரலிடுக்கில் வெதுவெதுப்பாகச் சீழ் வழிந்து மணிக்கட்டுக்கு வந்தது. புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்புளித்துக்கொண்டு வந்தாள். இரண்டாவது குத்துக்குப் பிறகும் ஓடினாள். மூன்றாவதுக்கு அலுமினியத் தட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "பொறுத்துக்கோ, பொறுத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே தைத்தாள். அருவருப்பு ஒரு துளியும் குறையவில்லை. கடைசி முடிச்சு போடும்போதும் அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டுதான் வந்தது. போட்டு முடித்தாள். வெந்நீர் வைத்துத் தானே கழுவிக் கட்டினாள். கட்டு கோணலாக இருந்தது.

சாயந்தரம் பவுனு வந்தாள். கட்டைப் பார்த்தாள், பிரித்துத் திரும்பக் கட்டலாம் என்று கையைக் கொண்டுபோனவள், வேண்டாமென்று விட்டுவிட்டாள். சலோமி அவள் பக்கத்திலேயே, முழங்கால் இடிக்கும்படி, தரையில் உட்கார்ந்தாள். பவுனு புதுப் பக்கத்தைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, முதல் வரிக்குக் கீழே விரலை வைத்தாள்.

"எ-ன-க்-குக் கு-மட்-டி-யது" என்று கூட்டினாள். பிறகு முழுசாக, "எனக்குக் குமட்டியது" என்றாள்.

நிமிர்ந்து பார்ப்பாள், ஏதாவது சொல்வாள் என்று சலோமி காத்திருந்தாள். பவுனு நிமிரவில்லை. விரலை நகர்த்தி அடுத்த வரிக்குப் போனாள்.